மாடியறையில் தயாராகும் பயம்

ஜூலை 7, திங்கள்

லுப்னா படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மா, மத்தியானம் சும்மா தானே இருக்க? மேல வந்து கொஞ்சம் செத்துட்டுப் போயேன்" என்றாள்.

பெற்ற மகள் இப்படிக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? நாவல்பழம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

மாடியறையில் அவளும் நிவேதாவும் ஒரு வருடமாகக் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பெங்களூரில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள். எவ்வளவு காலம் அடுத்தவர் விளையாட்டுக்குச் சுவரும் கதவும் வரைவது, சொந்தமாக ஒன்று செய்வோம் என்று வேலையை விட்டுவிட்டு ஆலங்காயத்துக்கு வந்துவிட்டார்கள். நிவேதாவின் ஊர் ஒடுகத்தூர். பெரும்பாலும் எங்கள் வீடு, வேலை குறைந்த சனி ஞாயிறுகளில் அவள் அம்மா வீடு.

விளையாட்டின் பெயர் 'நிலவறை'. எங்கோ ஒரு கோளைச் சுற்றும் நிலவில் ஒரு சுரங்கம். உள்ளே வேலை செய்தவர்களிடமிருந்து ஒரு நாள் தகவல் நின்றுபோகிறது. தேடிப் போகும் குழுவுக்கு நாம் தலைவர். கையில் துப்பாக்கி. உள்ளே என்னவோ இருக்கிறது. விளையாடுகிறவர்கள் நடுங்க வேண்டும், அதுதான் சரக்கு.

"காசு குடுத்து யாராவது பயப்படுவாங்களா?" என்று கேட்டேன்.

"பொருட்காட்சில ராட்டினம் ஏறி ஊரே கேக்குற மாதிரி கத்தினது யாரு மா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், எனக்கு ஒன்றும் தெரியாதாம். எப்போதும் விளையாடுகிற பிள்ளைகளுக்கு எந்த மூலையில் எது ஒளிந்திருக்கும் என்று மூக்கிலேயே தெரிந்துவிடுமாம். இவ்வளவு காலம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவளுக்கு இந்தப் பட்டம். சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

இடது கை நடக்க, வலது கை பார்க்க. பாதி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிலவின் தரையை நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒழுங்காக நடந்தேன். என் பின்னால் குழுவில் நால்வர் வருகிறார்கள். ஒன்று, இரண்டு என்று எண்தான் அவர்களுக்குப் பெயர். அது எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் யாரையாவது 'ஏய் பதினேழு' என்று கூப்பிட்டிருக்கிறேனா? நானே பெயர் வைத்தேன்: தேவராஜ், இளவரசி, சரவணகுமார், கடைசியாகத் தொங்கிக்கொண்டே வருகிறவன் சின்னதம்பி. ஒரு பொத்தானை அழுத்தினால் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக "இருக்கேன்" என்று சொல்வார்கள். இப்போதைக்கு வீட்டு ஆட்களின் குரலையே போட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு ஆங்கிலத்தில் நல்ல நடிகர்களை வைத்துப் பேச வைப்பார்களாம். சின்னதம்பிக்கு எங்கள் வீட்டுக்காரர் குரல். நாற்பது வருடம் வாணியம்பாடி தோல் மண்டிகளில் கத்திப் பேசிக் கரகரத்துப்போன குரல். லத்தீப் பாய் விண்வெளிக்குப் போய்விட்டார்!

பூதம் வந்தது. முதல் அறையிலேயே, முழு வெளிச்சத்தில், முழுசாக வந்து நின்றது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"ஆன்ட்டி, சுடுங்க!" என்று நிவேதா பதறுகிறாள்.

"இரும்மா. இதுக்கு உடம்பு கணுக்கணுவா இருக்கு, கணுவுக்கு ரெண்டு ஜோடி கால். மரவட்டை இனம். அப்ப வாய் இந்த இடத்துல வராதே."

பூதம் என்னைத் தின்றுவிட்டது. இரண்டு பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

மாணிக்கம்மாள் வந்திருந்தாள். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. இன்னும் விசில் ஊதுகிற மாதிரியே பேசுவாள்.

"இன்னா டீச்சர், வயசான காலத்துல மேல போய் துப்பாக்கி சுடுறீங்களாமே? ஊரே பேசுது."

"நீயும் வா. பயமா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

உட்கார்ந்தாள். கணினி எலியைக் கெட்டியாகப் பிடித்தாள். பிறகு நடந்தது யுத்தம். வந்ததைச் சுட்டாள், வராததைச் சுட்டாள், பீப்பாயைச் சுட்டாள், விளக்கைச் சுட்டாள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பெட்டி குண்டு எடுத்துக்கொண்டாள். "வாடா, உங்க வூட்டு ஆளுங்களையும் கூட்டியாடா!" என்று பூதத்தைக் கூப்பிட்டாள். எழுந்தபோது முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"நல்லா இருக்கும்மா. ஓடிப் புடிக்கிற மாதிரி இருக்கு."

"பயமா இருந்துச்சா ஆன்ட்டி?" என்றாள் நிவேதா.

"பயமா? இவ்ளோ குண்ட கைல குடுத்துட்டு பயப்படச் சொன்னா எப்படி கண்ணு? எங்க வூட்டாண்ட நாயத் தொரத்த ஒரு கல்லு கெடைக்கலன்னா எனக்கு பயம். கூடை நெறைய கல்லு இருந்தா நாய்க்குத்தான் பயம்."

லுப்னா அதை ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நல்ல நாள் இல்லை.

வாணியம்பாடியிலிருந்து கல்லூரிப் பையன்கள் சிலரை வரவழைத்து விளையாடச் சொன்னார்கள். குண்டைக் குறைத்திருந்தார்கள், விளக்கை மங்கலாக்கியிருந்தார்கள். பையன்கள் மரியாதையாக விளையாடினார்கள். "சூப்பர்க்கா", "கிராபிக்ஸ் செமயா இருக்குக்கா" என்றார்கள். ஒருவன் ஒரு கையால் பூதத்தைச் சுட்டுக்கொண்டே இன்னொரு கையால் பிரியாணி சாப்பிட்டான்.

அவர்கள் போன பிறகு லுப்னா சமையலறைக்கு வந்து தண்ணீர் எடுத்தாள். குடிக்கவில்லை. டம்ளரை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்குமே பயம் வரல மா. ஒருத்தனுக்குக் கூட."

"நல்லா இருக்குன்னு சொன்னாங்களே..."

"நல்லா இருக்குன்னு சொன்னா செத்துச்சுன்னு அர்த்தம். பயந்தவன் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டான். திரும்பிப் பாப்பான். அவன் உக்காந்திருக்கிற நாற்காலிக்குப் பின்னால, நெஜ ரூம்ல, திரும்பிப் பாப்பான்."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். பெங்களூர் கம்பெனியில் இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அக்டோபர் ஆறாம் தேதி சேர வேண்டும். செப்டம்பரில் சென்னையில் ஒரு கண்காட்சி இருக்கிறது. விளையாட்டுகளை எடுத்து வெளியிடுகிறவர்கள் அங்கே வருவார்கள். அங்கே எடுபடவில்லை என்றால் மாடியறையைக் காலி செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு என்ன ஆசை? அவள் சம்பளத்தோடு இருந்தால் நிம்மதிதான். ஆனால் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மாடியிலிருந்து இரண்டு பேரும் சண்டை போட்டுச் சிரிக்கிற சத்தம் இருக்கே, அது இல்லாம இந்த வூட்ல நான் இன்னா பண்றது? சொல்லக் கூடாது. அவ கிட்ட இத சொல்லவே கூடாது.

ஜூலை 21, திங்கள்

பயம் என்றால் என்ன என்று ஒரு ஆசிரியை யோசித்தால் எங்கே போய் நிற்பாள்? பரீட்சை ஹாலில்தான்.

மேற்பார்வைக்குப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். நான் நடந்துகொண்டே இருந்தால் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தியின் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் போதும், அவள் பேனா நின்றுவிடும். காலடிச் சத்தத்தைவிடச் சத்தம் நிற்பதுதான் அதிக பயம். அதே மாதிரி, முன்கூட்டியே கடிதம் போட்டு வருகிற அதிகாரியைக் கண்டு பள்ளிக்கூடம் பயப்படாது. கோலம் போட்டு வைக்கும். இவர்கள் பூதம் வருவதற்கு முன்னால் டொம் டொம் என்று மேளம் போடுகிறார்களே, அது கடிதம் போட்டு வருவது மாதிரி.

இரண்டையும் சொன்னேன். நிவேதா குதித்தாள். "ஆன்ட்டி, மேளத்தை இப்பவே தூக்குறேன்!"

ஜூலை 29, செவ்வாய்

மேளம் போய்விட்டது. பின்னால் காலடிச் சத்தம் வந்து நிற்கிறது. முதல் தடவை எனக்குக் கழுத்து சிலிர்த்தது, உண்மை. இரண்டாவது தடவை 'சரி, வந்துட்டான்' என்று நினைத்தேன். அதற்கப்புறம் கொட்டாவி. நம் யோசனை என்பதால் அடக்கிக்கொண்டேன், நிவேதா பார்த்துவிட்டாள்.

அதே இடத்தில் நான் திரும்பத் திரும்பச் சாவதும் சேர்ந்துகொண்டது. முதலில் பூதமாக இருந்தது, இப்போது ஆலங்காயம் பஸ் கண்டக்டர் மாதிரி ஆகிவிட்டது. வருவார், கேட்பார், கிழித்துக் கொடுப்பார், போவார். இதைச் சொன்னதும் லுப்னா சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் சிரித்தது எனக்குப் போதும், விளையாட்டுக்குப் போதாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கத்திவிட்டேன். இவ்வளவு வயதுக்கு அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து கதவைத் தட்டிவிட்டார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

எனக்கு ஒரு பழக்கம். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன எந்த ஆசிரியைக்கும் இருக்கும். பஸ் ஏறும்போது எண்ணு, இறங்கும்போது எண்ணு, அருவிக்கரையில் எண்ணு, கடையில் எண்ணு. நிலவறையிலும் ஒவ்வொரு கதவைத் திறப்பதற்கு முன்னாலும் பொத்தானை அழுத்தி நால்வரையும் "இருக்கேன்" சொல்ல வைத்துவிட்டுத்தான் போவேன். அந்தப் பொத்தானை வேறு யாருமே தொடுவதில்லையாம். பையன்கள் நால்வரையும் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். வைத்ததே சும்மா ஒரு அழகுக்குத்தானாம்.

இன்று லிப்ட் அருகில் சின்னதம்பியைப் பூதம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. என் தப்புதான், கடைசியில் வருகிறவனைத் திரும்பிப் பார்க்கத் தாமதித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நீளமான நடைபாதை, கோடியில் ஒரு கதவு. பழக்க தோஷம், பொத்தானை அழுத்தினேன்.

"இருக்கேன்" — தேவராஜ்.

"இருக்கேன்" — இளவரசி.

"இருக்கேன்" — சரவணகுமார்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, கரகரத்த குரலில், எப்போதும் போலச் சாவகாசமாக:

"இருக்கேன்."

நான் எலியை விட்டெறிந்து எழுந்து நின்று கத்தினேன்.

கீழே தூங்கிக்கொண்டிருந்தவர் அலறியடித்து மாடிப்படி ஏறுகிறார். ஏறிக்கொண்டே, அதே குரலில், "இருக்கேன், இருக்கேன், இன்னா ஆச்சு ஜோஹரா, இருக்கேன்!" என்கிறார். நான் இன்னும் பெரிதாகக் கத்தினேன்.

பிறகு எல்லோரும் சிரித்த சிரிப்பில் நிவேதாவுக்கு விக்கல் வந்துவிட்டது. செத்தவன் பெயரை வரிசையிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்களாம். தவறு. "சாரி ஆன்ட்டி, ஒரே நிமிஷம்" என்று அங்கேயே திருத்திவிட்டாள். அவள் கை அவ்வளவு சுத்தம். எதையும் நாளைக்கு வைக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மறுபடி விளையாடினேன். லிப்டில் சின்னதம்பி போனான். நடைபாதை. கதவு. அழுத்தினேன். மூன்று குரல். கதவைத் திறந்தேன். பூதம். சுட்டேன்.

அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை தேநீருக்குக் கூட இறங்கி வராமல் இரண்டு பேரும் மேலேயே இருந்தார்கள். பத்து மணி வாக்கில் கூப்பிட்டார்கள். நான் விளையாடுவதையெல்லாம் கணினி பதிவு செய்துகொள்ளுமாம். நேற்றைய பதிவையும் அதற்கு முந்தைய நாள் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினாள் நிவேதா.

"நேத்து பாருங்க ஆன்ட்டி. அந்தக் கதவு கிட்ட மூணு பேர் பதில் சொல்லி முடிச்சிட்டாங்க. நீங்க கதவைத் தொறக்கல. பூதம் இல்ல, சத்தம் இல்ல, ஒண்ணுமே இல்ல. சும்மா நிக்கிறீங்க. காத்துக்கிட்டு இருக்கீங்க."

பார்த்தேன். திரையில் நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கே தெரியவில்லை நான் அப்படி நின்றது.

"நாங்க ஒரு வருஷமா பூதத்துக்குப் பல்லு வச்சுக்கிட்டு இருந்தோம்," என்றாள் லுப்னா. "நம்மளோட வர்றவங்க கிட்ட இருக்கு மா பயம். அவங்க செத்தா பரவாயில்லன்னு விளையாட்ற வரைக்கும் எதுக்குமே பயம் வராது. நீ மட்டும்தான் அவங்கள எண்ணின."

"அப்ப நான் திருத்தினத திரும்பக் கெடுக்கணுமா?" என்று நிவேதா கேட்டாள். பாவம், அவள் முகத்தில் அப்படி ஒரு வேதனை. திருத்திய கணக்கை அழித்துத் தப்பாகப் போடச் சொன்ன மாதிரி.

"கெடுடி," என்றாள் லுப்னா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கெடுத்ததில் அளவு மீறிப் போய்விட்டது. இப்போது செத்தவர்கள் எல்லோரும் பதில் சொல்கிறார்கள், ஒவ்வொரு கதவிலும். "இருக்கேன், இருக்கேன், இருக்கேன்." மாணிக்கம்மாள் விளையாடிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, செத்தவனுங்க எல்லாம் ரேஷன் கடை க்யூல நிக்கிற மாதிரி" என்றாள்.

ஒரே ஒரு தடவைதான் வர வேண்டும் என்று இப்போது முடிவு. எந்தக் கதவில் என்பதுதான் சண்டை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மலைக்குப் போய் வந்தோம். குரலைத் திறந்த வெளியில் பதிவு செய்தால்தான், பிறகு கணினியில் சேர்க்கும் சுரங்க எதிரொலி சரியாக வருமாம். காவலூர் தாண்டி ஒரு சரிவில் வண்டியை நிறுத்தினோம். மேகம் இறங்கியிருந்தது. வழியில் சீத்தாப்பழம் கூடை கூடையாக. அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குரலுக்கு எதற்குப் புதுச் சட்டை என்று கேட்டதற்கு, "மைக்குக்கு முன்னால நிக்கணும்ல" என்கிறார்.

நிவேதா மைக்கை நீட்டினாள். லுப்னா, "அத்தா, செத்துட்டீங்க. ஆனா அது உங்களுக்குத் தெரியாது. அப்படிச் சொல்லுங்க" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமி, பள்ளத்தைப் பார்த்து, "இருக்கேன்" என்றார். மேகம் அதை விழுங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எதிர்ச் சரிவிலிருந்து, ஆளே தெரியாமல், ஒரு குரல் வந்தது:

"இருந்துட்டுப் போயேன், இன்னா இப்போ?"

யாரோ ஆடு மேய்க்கிறவர். மேகத்துக்குள் எங்கேயோ. நான் சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம், நடிப்பு கெட்டுவிட்டதென்று. லுப்னா மட்டும் சிரிக்கவில்லை. எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிவி. அவன் பின்னால தானே செத்தான்?"

"ஆமா. லிப்ட் கிட்ட."

"பதில் முன்னால இருந்து வந்தா? தொறக்காத கதவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து?"

நிவேதா மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள். மலையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பட்டப்பகலில், சீத்தாப்பழம் மடியில் இருக்கும்போது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விளையாடினேன். எப்போது வரும் என்று தெரியும். எப்படி வரும் என்றும் தெரியும். செய்யும்போது பக்கத்திலேயே இருந்தேன்.

கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

இரண்டு பெண்களும் மாடியில் கைதட்டிக்கொண்டு ஆடுகிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபியும் ஆசிரியர் தினமும் ஒரே நாளில் வந்திருக்கிறது. நெய்ச்சோறு செய்தேன். பழைய மாணவிகள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். என்ன செய்றீங்க டீச்சர் என்று கேட்டவர்களிடம், நிலவில் சுரங்கத்தில் இருக்கிறேன் என்றேன். ஒருத்தி, "உடம்பு நல்லா இருக்குல்ல டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆங்கில நடிகர்கள் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. வீட்டுக் குரல்களே இருக்கும். திரையின் அடியில் ஆங்கிலத்தில் எழுத்து வரும். எங்கள் வீட்டுக்காரர் இதைக் கேட்டதிலிருந்து ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை.

செப்டம்பர் 13, சனி. சென்னை

காலெல்லாம் வலி. ஆனால் எழுதாமல் தூங்க முடியாது.

பெரிய கூடம். நூறு மேசைகள், வண்ண வண்ண விளக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டு. எங்களுக்குக் கழிப்பறைப் பக்கம் ஒரு மூலை. காலை முழுவதும் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், கொஞ்சம் விளையாடினார்கள், பாதியில் எழுந்தார்கள். அந்தக் கதவு வரைக்கும் யாரும் வந்தால்தானே. லுப்னா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நிவேதா திரையைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. 'கதவு வரைக்கும் போப்பா' என்று யார் கையையாவது பிடித்து இழுக்கவா முடியும்?

மதியத்துக்குப் பிறகு ஒரு தாடிக்காரப் பையன் வந்தான். நல்ல வாட்டசாட்டம். சட்டையில் மண்டை ஓடு. இந்த மாதிரி விளையாட்டெல்லாம் கரைத்துக் குடித்தவனாம். அவன் சிநேகிதர்கள் இருவர் பின்னால் நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். ஹெட்போனை மாட்டினான். முதலில் நால்வரையும் கவனிக்கவில்லை. பிறகு, குண்டு குறைவாக இருந்ததால், துணை வேண்டியிருந்தது. பொத்தானைத் தொட ஆரம்பித்தான். நான் எட்ட நின்று பார்த்தேன். அவனும் எண்ண ஆரம்பித்துவிட்டான்! லிப்டில் சின்னதம்பி போனபோது "அய்யோ" என்றான். அந்த அய்யோவிலேயே நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடைபாதை. கதவு. அழுத்தினான். மூன்று குரல் வந்திருக்கும். அவன் உதடு அசைந்தது. நாலாவதை அவனே சொல்லிப் பார்த்துக்கொண்டான் போல. பிறகு அவன் தோள் இரண்டும் காதுவரை ஏறின. ஹெட்போனைப் பிய்த்துக் கழற்றினான். மெதுவாக, மிக மெதுவாக, நாற்காலியில் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

அங்கே எங்கள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பையனுக்கு வேர்க்கிறதே என்று தண்ணீர் பாட்டிலோடு.

குனிந்து, அதே குரலில், "இன்னா தம்பி, தண்ணி வேணுமா?" என்றார்.

அந்தப் பையன் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. நாற்காலி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். சிநேகிதர்கள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அவர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் இன்னா பண்ணேன்? நான் தண்ணி தானே குடுத்தேன்?" என்று எல்லோரிடமும் கேட்கிறார். பையன் எழுந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "பெரிப்பா, நீங்க செத்துட்டீங்க பெரிப்பா!"

அதற்குப் பிறகு எங்கள் மூலையில் வரிசை நின்றது. சாயங்காலம் விளக்கு அணைக்கும்வரை நின்றது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி, கழுத்தில் வெளியீட்டாளர் அட்டை போட்டவர், வரிசையிலேயே நின்று தன் முறை வந்து விளையாடினார். கதவருகில் அவரும் திரும்பிப் பார்த்தார். எழுந்து லுப்னாவிடம் தன் முகவரி அட்டையைக் கொடுத்தார். நிவேதாவிடமும் தனியாக ஒன்று கொடுத்தார்.

"பயமா இருந்துச்சா மேடம்?" என்று நிவேதா கேட்டிருக்கிறாள்.

"நாளைக்குக் காலைல பேசலாமா?" என்றாராம். சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை திரும்பிப் பார்த்ததாக நிவேதா சத்தியம் செய்கிறாள்.

செப்டம்பர் 22, திங்கள்

ஒன்றும் தெரியவில்லை. போன் வருகிறது, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கீழே வரும்போது இரண்டு பேர் முகமும் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது. கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது. கீரை ஆய்ந்தேன். ஏற்கெனவே ஆய்ந்த கீரையைத் திரும்பவும் ஆய்ந்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நிவேதா மாடியில் கணினிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாள். திரையில் பல்லிளித்துக்கொண்டிருந்த பூதத்தின் நெற்றிக்கு நேராகவும் ஒரு பொட்டு. அவர் கடைக்குப் போய்ப் பொரி கடலை வாங்கி வந்தார். லுப்னா இரண்டு கைப்பிடி எடுத்துக்கொண்டு, "அத்தா, நீங்க இன்னும் ரெண்டு நாளைக்கு சளி புடிக்காம பாத்துக்கோங்க. நெறைய பேசணும்" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் உடனே எழுந்து போய் மப்ளர் சுற்றிக்கொண்டார்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று லுப்னா ஒன்பது மணிவரை தூங்கினாள். பெங்களூரில் அவள் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

பத்து மணிக்கு வாணியம்பாடியிலிருந்து காஷிஃபா என்று ஒரு பெண் பையோடு வந்து இறங்கினாள். விளையாட்டின் சத்தங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். சென்னையில் அட்டை கொடுத்த பெண்மணி அனுப்பிய முன்பணத்தில் முதல் மாதச் சம்பளம் பேசித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். ஒரு மேசை போதவில்லை என்று இன்னொன்றை மாடிக்கு ஏற்றினோம். படித் திருப்பத்தில் சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்தது. மாணிக்கம்மாள் கீழே நின்று, "தூக்கு, இந்தப் பக்கம் தூக்கு, அய்ய, உங்களுக்கு ட்ரில் கிளாஸ் யாரு எடுத்தது?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் ஓய்ந்திருந்தது. எல்லோருக்கும் டீ போட்டு டம்ளர்களில் ஊற்றினேன். மாடியில் சத்தமே இல்லை. மூன்று பெண்கள் ஒரு அறைக்குள் இருந்துகொண்டு சத்தமே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தேன்.

நிவேதா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் மின்னியது.

"ஆன்ட்டி, மேல வர்றீங்களா? புதுசா ஒண்ணு இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "டீய கீழயே வச்சிட்டு வந்துடுங்க."

வைத்துவிட்டுப் போனேன்.